பழைய விண்வெளித் தொடர்கள்: தீராத சண்டைகள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபதுகளிலிருந்து இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் வரை வந்த விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும், நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களும் இவை. நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். ஒரு தொடரின் முடிவைச் சொல்ல வேண்டிய இடத்தில் முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன்.

எது நல்ல தொடர், எது மோசம் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

போன வாரம் நடந்தது இந்த வாரமும் நடந்ததாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அவ்வளவுதான்.

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பழைய தொடர்களில் இது அபூர்வம். அன்றைய அமெரிக்காவில் ஒரு தொடருக்குப் பெரிய லாபம் முதல் ஒளிபரப்பில் வராது. போதுமான எபிசோடுகள் சேர்ந்ததும் உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்கு விற்பார்கள், காசு அங்கேதான். வாங்கிய நிலையம் எந்த எபிசோடை என்றைக்குப் போடும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எதை முன்னால் போட்டாலும் எதைப் பின்னால் போட்டாலும் கதை புரிய வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் வந்த பிரச்சினை அந்த மணி நேரத்துக்குள்ளேயே தீர வேண்டும், கேப்டன் சிரித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும்.

ஸ்டார் ட்ரெக்கின் முதல் சீசனிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1967 ஏப்ரல் 6-ஆம் தேதி வந்த எபிசோடில் கப்பலின் கேப்டன் கிர்க் தான் காதலித்த பெண்ணைக் காப்பாற்றாமல், கண்ணெதிரே வண்டியில் அடிபட்டுச் சாக விடுகிறார். வரலாறு தடம் மாறாமல் இருக்க வேறு வழியில்லை. அடுத்த வாரம், ஏப்ரல் 13, கிர்க்கின் அண்ணன் இறந்து கிடக்கிறார். ஏழே நாளில் இரண்டு சாவு. இரண்டாவது சீசன் தொடங்கும்போது இரண்டையும் பற்றி ஒரு பேச்சு இல்லை. நம் வீடுகளில் என்றால் காரியம் முடிவதற்குள் ஆளே பாதியாகியிருப்பார்.

இது குற்றச்சாட்டு இல்லை. அந்தக் காலத்துத் தொழில் அப்படி. அதை மீறிய தொடர்கள்தான் இன்றும் என்னை இழுக்கின்றன என்று மட்டும் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முதல் ஸ்டார் ட்ரெக்தானா?

இல்லை. ஸ்டார் ட்ரெக் என்பிசி என்ற அமெரிக்க நிலையத்தில் தொடங்கியது 1966 செப்டம்பர் 8. அதற்கு முந்தைய ஆண்டே சிபிஎஸ்ஸில் இர்வின் ஆலனின் லாஸ்ட் இன் ஸ்பேஸ் வந்துவிட்டது. பிரிட்டனில் டாக்டர் ஹூ 1963-லேயே தொடங்கியாயிற்று.

எனக்குப் பிடித்த தகவல் ஜெர்மனியிலிருந்து வருகிறது. ஸ்டார் ட்ரெக் தொடங்கிய ஒன்பதாவது நாள், செப்டம்பர் 17, மேற்கு ஜெர்மனியில் ரவும்பட்ரூயே என்ற தொடர் வந்தது. கறுப்பு வெள்ளை, மொத்தமே ஏழு எபிசோடு. பல நாட்டவர் சேர்ந்து ஓட்டும் ஓரியன் என்ற கப்பல், அதிகாரிகளுக்கு அடங்காத ஒரு தளபதி. ஒன்றை இன்னொன்று பார்த்துக் காப்பியடிக்க நேரமே இல்லை, இரண்டு நாட்டில் இரண்டு குழுவுக்கும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி தோன்றியிருக்கிறது. ஓரியனின் கட்டுப்பாட்டு மேசையில் ஒரு கைப்பிடி இருக்கும், உற்றுப் பாருங்கள். அது இஸ்திரிப் பெட்டி. கப்பலை ஓட்டும் கருவிக்கு வீட்டுச் சாமானைப் பொருத்திவிட்டார்கள். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் கதையில் மனம் போகாது.

ஸ்டார் ட்ரெக் நிஜமாகவே நல்ல தொடரா, இல்லை பழைய பாசமா?

இரண்டும். எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தவர்களுக்குப் பாசம் கூடுதலாகவே இருக்கும். அவர்களோடு வாதாடிப் பயனில்லை.

பாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 79 எபிசோடில் இருபதுக்கு மேல் தேறும். முதல் சீசனில் ரோமுலர்கள் என்ற எதிரி இனம் அறிமுகமாகும் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்மூழ்கிப் படம் போன்ற கதை: இரண்டு கப்பல், ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியாது, இரண்டு தளபதிகளும் கெட்டிக்காரர்கள். வெடியைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். அதற்கு நடுவில், எதிரியின் முகம், கிர்க்கின் துணையாக இருக்கும் வேற்றுக்கிரகத்தவர் ஸ்பாக்கின் முகம் போல இருப்பதைப் பார்த்ததும் கிர்க்கின் சொந்த ஆள் ஒருவனே ஸ்பாக்கைச் சந்தேகிக்கிறான். அந்தச் சந்தேகத்தை அந்த இடத்திலேயே கிர்க் அதட்டி நிறுத்துகிறார். 1966-ல், அமெரிக்கத் தொலைக்காட்சியில்.

மற்றபடி பணம் இல்லாததை எப்படிச் சமாளித்தார்கள் என்பதே ஒரு தனி ரசனை. வாராவாரம் கப்பலைக் கிரகத்தில் இறக்கிக் காட்டக் காசு கட்டாது, அதனால்தான் ஆளை ஒளியாக்கி இறக்கும் கருவி பிறந்தது. டாக்டர் மெக்காயின் மருத்துவக் கருவிகள் சில உப்புக் குப்பிகள். உப்பைத் தின்னும் ஒரு ஜந்துவின் கதைக்காக விதவிதமான நவீன உப்புக் குப்பிகள் வாங்கினார்களாம். அவற்றைப் பார்த்தால் உப்புக் குப்பி என்றே தெரியவில்லை என்று சாதாரணக் குப்பியைக் கதைக்கு வைத்துக்கொண்டு, வாங்கியதை டாக்டர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது சீசன் அவ்வளவு மோசமா?

ஸ்பாக்கின் மூளையைத் திருடிக்கொண்டு போகும் எபிசோடோடுதான் அந்த சீசன் தொடங்குகிறது. கழுத்துக்கு மேல் ஒரு கருவியை மாட்டி, ரிமோட்டில் ஸ்பாக்கை நடக்க வைப்பார்கள். அதற்கு மேல் என்ன சொல்ல?

பழி முழுவதும் அந்த சீசனின் தயாரிப்பாளர் ஃப்ரெட் ஃப்ரைபெர்கர் தலையில் விழுந்தது. அது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. தொடரைக் காப்பாற்ற ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். 1968-ல் தொடர் நீடிக்கும் என்று என்பிசி ஒளிபரப்பிலேயே அறிவித்தது. அறிவித்த கையோடு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளியது. தொடரை விரும்பிப் பார்த்த இளவட்டம் அந்த நேரத்தில் வீட்டிலேயே இருக்காது. பட்ஜெட்டும் குறைந்தது, தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியும் அன்றாட வேலையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். வந்து சேர்ந்தவர் என்ன செய்வார்?

ஆனால் அதே ஃப்ரைபெர்கர் பின்னால் இன்னொரு தொடரின் கடைசி சீசனுக்கும் வந்தார், அதுவும் அதோடு முடிந்தது. அதைச் சொன்னால் மட்டும் நான் வாயடைத்துப் போவேன்.

அது ஸ்பேஸ்: 1999 தானே? நிலாவே பறந்து போகும் கதையை எப்படிச் சகிப்பது?

அதேதான். 1975 முதல் 1977 வரை 48 எபிசோடு. ஜெர்ரி, சில்வியா ஆண்டர்சன் தம்பதி தயாரித்தது. நிலாவில் குவித்து வைத்த அணுக்கழிவு 1999 செப்டம்பர் 13 அன்று வெடித்து, நிலா பூமியின் பிடியிலிருந்து கழன்று விண்வெளிக்குள் போகிறது. ஆல்ஃபா தளத்தில் இருக்கும் 311 பேரும் அதோடு போகிறார்கள்.

அறிவியலைப் பார்த்தால் ஒன்றும் நிற்காது. நிலாவை நகர்த்தும் அளவு வெடித்தால் நிலாவே துண்டாகும். சூரியனுக்கு அடுத்துள்ள நட்சத்திரத்துக்கு ஒளி போகவே நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். இவர்களோ மாதத்துக்கு ஒரு கிரகத்தைத் தாண்டுகிறார்கள். அந்த வேகத்தில் போனால் கிரகம் கண்ணில் படுவதற்குள் கடந்திருக்கும், இறங்கிப் பேசிச் சண்டை போட்டுத் திரும்ப எங்கே நேரம்? ரசிகர்கள் இதற்குக் கறுப்புச் சூரியன் வழியே போனார்கள், புதிரான ஒரு சக்தி கூட்டிப்போகிறது என்றெல்லாம் சமாதானம் வைத்திருக்கிறார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அப்படியும் ஏன் பார்க்கிறோம்? ஈகிள் கப்பலுக்காக. நடுவில் சட்டம், இரண்டு முனையிலும் கூடு, வேண்டிய பெட்டியை நடுவில் மாட்டிக்கொள்ளலாம். நிஜமாகவே யாரோ வேலைக்காக வடிவமைத்த லாரி மாதிரி இருக்கும். மாடல் வேலையை நடத்திய பிரையன் ஜான்சன் பின்னால் ஏலியன், எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக் படங்களுக்குப் போனார். முதல் சீசனில் விண்கப்பல்களின் சுடுகாடு ஒன்று வரும் எபிசோடு உண்டு. அங்கே ஒரு ஜந்து, ஒற்றைக் கண்ணும் ஓயாத அலறலுமாக. பத்து வயதில் பார்த்தவர்கள் ஐம்பது வயதிலும் அதைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

என் அளவுகோலில் இது தோற்கும். திரும்பவே முடியாத பயணம் என்பது எவ்வளவு பெரிய சோகம்! அது யாரையும் மாற்றவில்லை. இரண்டாவது சீசனில் பேராசிரியர் பெர்க்மன் என்ற முக்கியப் பாத்திரமே காணாமல் போகிறார். எங்கே என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

1978-ல் வந்த பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ஸ்டார் வார்ஸின் காப்பிதானே?

ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் அப்படித்தான் சொல்லி யூனிவர்சல் மேல் வழக்குப் போட்டது, யூனிவர்சலும் பதிலுக்கு வழக்குப் போட்டது. ஸ்டார் வார்ஸின் சிறப்புக் காட்சிகளைச் செய்த ஜான் டைக்ஸ்ட்ராவையே கூட்டிவந்து வேலை வாங்கினால் ஒன்றுபோல இருக்கத்தானே செய்யும்.

கதைக் கரு வேறு. பன்னிரண்டு உலகங்கள் ஒரே நாளில் அழிகின்றன, மிஞ்சியவர்கள் 220 கப்பலில் பூமியைத் தேடி ஓடுகிறார்கள். தொலைக்காட்சிக்கு இவ்வளவு கனமான தொடக்கம் அதற்கு முன் வந்ததில்லை என்றே சொல்வேன். ஆனால் அந்த முதல் கதையிலேயே, இனமே அழிந்த கண்ணீர் காய்வதற்குள், எல்லோரும் ஒரு சூதாட்டக் கிரகத்தில் இறங்கி விருந்தும் ஆட்டமுமாக இருப்பார்கள். ஏபிசி 24 எபிசோடோடு நிறுத்தியது. செலவு அதிகம், அதே விமானம் அதே கோணத்தில் வெடிக்கும் காட்சியையும் எத்தனை தடவைதான் போட முடியும்?

ஒரு துணுக்கு: அதில் சிறுவனுக்கு ஒரு ரோபோ நாய் கொடுப்பார்கள். அந்த உடைக்குள் இருந்தது ஒரு சிம்பன்சி. தெரிந்த பிறகு அது நடக்கும் விதத்தைப் பாருங்கள், நாயாகவே தோன்றாது.

அந்த சூதாட்டக் கிரகத்தின் தவறைத் திருத்தத்தான் 2003-ல் ரொனால்ட் டி. மூர் அதே கதையை மறுபடி எடுத்தார் என்று எனக்குத் தோன்றும். அவருடைய முதல் வழக்கமான எபிசோடில் 33 நிமிடத்துக்கு ஒருமுறை எதிரி வந்து நிற்பான். ஐந்து நாளாக யாருக்கும் தூக்கமில்லை. அதிபர் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை, அதில் உயிரோடிருப்பவர் எண்ணிக்கை ஐம்பதாயிரத்தை ஒட்டி. ஆள் சாகச் சாக அதை அழித்து எழுதுவார்கள். ஒரு பலகையும் பேனாவும். அதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

பிளேக்ஸ் 7-ஐ ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? செட் அட்டைப் பெட்டி மாதிரி இருக்கிறதே.

அட்டைப் பெட்டிதான். வேறு கிரகம் என்றால் ஒரு கல்குவாரி, எதிரியின் தலைமையகம் என்றால் ஏதாவதொரு தொழிற்சாலை. 1978 முதல் 1981 வரை பிபிசியில் நான்கு சீசன், 52 எபிசோடு. உருவாக்கியவர் டெர்ரி நேஷன், டாக்டர் ஹூவின் எதிரிகளான டாலெக்குகளைப் படைத்தவர்.

ஸ்டார் ட்ரெக்கில் கூட்டமைப்பு என்றால் நல்லவர்கள். இங்கே கூட்டமைப்புதான் கொடுங்கோலன். அதை எதிர்த்துப் போராடும் பிளேக் நல்லவன்தான், ஆனால் கொஞ்சம் வெறி பிடித்தவன். அவனோடு இருப்பவர்கள் திருடன், கடத்தல்காரி, வங்கியைக் கணினி வழியாகக் கொள்ளையடிக்கப் பார்த்த ஏவான். இந்த ஏவானுக்குக் கொள்கை எதுவும் கிடையாது, பிளேக்கைப் பிடிக்காது, வாய் திறந்தால் ஊசி குத்தினாற்போல இருக்கும். பால் டாரோ அந்த வசனங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதைக் கேட்க மட்டுமே தொடரைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அதில் சேர்த்தி.

நடந்தது நடந்ததாகவே இருக்கும் தொடர் இது. செத்தவர் செத்தவர்தான். இரண்டாவது சீசனோடு பிளேக்காக நடித்த கேரத் தாமஸ் விலகினார். தலைப்பில் பெயர் இருப்பவன் கதையில் இல்லை! தொடர் அசராமல் நடந்தது. மூன்றாவது சீசன் முடிவில் கப்பலையே அழித்துவிட்டார்கள், அதோடு தொடர் முடிவதாகத்தான் ஏற்பாடு. பிபிசியில் மேலிடத்தில் இருந்தவர் மனம் மாறியதால், அந்த எபிசோடு முடிந்த கையோடு அறிவிப்பாளர் அடுத்த சீசன் உண்டு என்று சொன்னார். நடித்தவர்களில் சிலருக்கே அப்போதுதான் தெரியும்.

இனி முடிவைச் சொல்லப்போகிறேன். பார்க்க நினைப்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

1981 டிசம்பர் 21. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு. ஒருவழியாக பிளேக்கைக் கண்டுபிடிக்கிறான் ஏவான். தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று தவறாக நினைத்து அவனையே சுட்டுவிடுகிறான். காவலர்கள் நுழைகிறார்கள், குழுவில் ஒவ்வொருவராக விழுகிறார்கள். ஏவான் மட்டும் பிளேக்கின் உடலுக்கு இருபக்கமும் கால் வைத்து நிற்கிறான். சுற்றிலும் துப்பாக்கிகள். தன் துப்பாக்கியை உயர்த்துகிறான், சிரிக்கிறான். திரை இருண்டு, சுடும் சத்தம் மட்டும் கேட்கிறது. முடிந்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் போட்ட தொடர் இது.

பாபிலோன் 5, டீப் ஸ்பேஸ் நைன்: யார் யாரிடம் திருடினார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நட்பு முறியும்.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி 1989-ல் பாபிலோன் 5-இன் திட்டத்தை, கதைச் சுருக்கம் உட்பட, பாரமவுண்டிடம் கொடுத்தார். அவர்கள் எடுக்கவில்லை. பிறகு வார்னர் பிரதர்ஸ் எடுத்தது. அதற்குப் பின் பாரமவுண்ட், கப்பலுக்குப் பதில் விண்வெளி நிலையத்தில் நடக்கும் ஸ்டார் ட்ரெக் தொடர் ஒன்றை அறிவித்தது. டீப் ஸ்பேஸ் நைன் 1993 ஜனவரியில் வந்தது, பாபிலோன் 5-இன் பைலட் (முன்னோட்ட எபிசோடு) பிப்ரவரியில். இரண்டிலும் பல இனத்தார் வந்துபோகும் நிலையம், பெயரில் ஓர் எண். பாத்திரங்களின் பெயர்கூட: ஒன்றில் டுகாத், மற்றதில் டுகாட். ஒன்றில் லைட்டா, மற்றதில் லீட்டா.

டீப் ஸ்பேஸ் நைனை உருவாக்கிய ரிக் பெர்மனும் மைக்கேல் பில்லரும் வேண்டுமென்றே எடுத்ததாகத் தான் நினைக்கவில்லை, ஸ்டுடியோ அதிகாரிகள் அவர்களை அந்தப் பக்கம் நகர்த்தியிருக்கலாம் என்பது ஸ்ட்ராசின்ஸ்கியின் நிலை. என் கணிப்பும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் முதல் இரண்டு ஆண்டுக்குப் பிறகு இரண்டும் வெவ்வேறு திசையில் போய்விட்டன, பத்து சதவீத ஒற்றுமைக்காக இன்னும் சண்டை போடுவது வீண்.

சம்பந்தப்பட்டவர்கள் ரசிகர்களைவிடப் பெருந்தன்மையானவர்கள். ராடன்பெரியின் மனைவியும் ஸ்டார் ட்ரெக்கில் கணினியின் குரலுமான மேஜல் பாரெட், 1996-ல் பாபிலோன் 5-இல் எதிர்காலம் சொல்லும் ஒரு சீமாட்டியாக நடித்துக் கொடுத்தார். சண்டையை ஆற்றத்தான் வந்தார். ஸ்டார் ட்ரெக்கில் செக்காவாக வந்த வால்டர் கேனிக் இதில் மனதைப் படிக்கும் போலீஸ்காரர் பெஸ்டர். ஐயோ, அந்த மனுஷனின் புன்னகை!

சரி, இரண்டில் எது சிறந்தது?

எபிசோடு எபிசோடாகத் தட்டில் வைத்தால் டீப் ஸ்பேஸ் நைன். முழுத் தொடராக எடை போட்டால் பாபிலோன் 5. மழுப்பவில்லை, விளக்குகிறேன்.

டீப் ஸ்பேஸ் நைனுக்கு 176 எபிசோடு, ஒரு மேசை நிறைய நல்ல எழுத்தாளர்கள். வசனம் சுத்தம், நடிப்பு சீர். தொடங்கும்போது எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்ற திட்டம் கிடையாது. போகப்போகக் கண்டுபிடித்தார்கள். மூன்றாவது சீசனுக்குப் பிறகு ஐரா ஸ்டீவன் பெர் பொறுப்பில் போர்க் கதையை வளர்த்து, அதைத் தொடரவும் செய்தார்கள். 1998-ல் வந்த ஓர் எபிசோடில் தளபதி சிஸ்கோ நம்மைப் பார்த்தே பேசுகிறார்: போரில் ஒரு கூட்டாளி கிடைப்பதற்காகப் பொய், மோசடி, கடைசியில் கொலைக்கும் உடந்தை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இதோடு வாழ முடியும் என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொள்கிறார். பிறகு பதிவை அழிக்கச் சொல்கிறார். கிர்க்குக்கு இப்படி ஓர் இரவு வந்ததே இல்லை.

பாபிலோன் 5-இல் 110 எபிசோடு, அதில் 92 ஒரே ஆள் எழுதியது. மூன்றாவது, நான்காவது சீசன்கள் முழுக்கவே அவர்தான். களைப்பு தெரிகிறது. பாத்திரங்கள் பேசுவதற்குப் பதிலாக மேடையேறுகின்றன, நகைச்சுவை பல இடத்தில் கல்லாட்டம் இருக்கிறது. ஆனால் ஐந்து ஆண்டுக்கு ஒரே கதை, தொடக்கம் நடு முடிவு என்று முன்கூட்டியே போட்ட திட்டம் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அன்று புதிது.

இந்தத் திட்டத்தின் பலனை ஒரே பாத்திரத்தில் காட்டலாம். லோண்டோ என்ற தூதர் முதலில் ஒரு கோமாளி, சூதாடி, குடிகாரன். முதல் சீசனில் ஒரு மென்மையான ஆள் வந்து அவரிடம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கிறான். என் நாடு பழைய பெருமையோடு எழ வேண்டும் என்று மனதில் இருப்பதைக் கொட்டுகிறார் லோண்டோ. கேட்டது கிடைக்கத் தொடங்குகிறது. இரண்டாவது சீசன் முடியும் தறுவாயில், ஒரு போர்க்கப்பலின் கண்ணாடி அருகே நின்று, பகை நாட்டுக் கிரகத்தின் மேல் தன் படை பாறைகளை வீசி நகரங்களை நொறுக்குவதைப் பார்க்கிறார். வசனம் இல்லை. கண்ணாடியில் அவர் முகம், அதன் வழியே கீழே வெளிச்சங்கள். அந்த முகத்தில் வெற்றி இல்லை. முப்பது எபிசோடுக்கு முன் கேட்ட ஒரு கேள்விக்குச் சொன்ன பதில் அது என்று நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

வேறு எந்தப் பழைய விண்வெளித் தொடரும் எனக்கு இதைத் தரவில்லை. டீப் ஸ்பேஸ் நைன் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் பேச்சை மாற்றி முகமூடிகளின் தரத்தைப் பற்றிப் பேசுவார்கள். விட்டுவிடுங்கள்.

பாபிலோன் 5-இன் முதல் சீசனைத் தாண்டவே முடியவில்லை. நேராக இரண்டாவதுக்குப் போகலாமா?

போகாதீர்கள். மேலே சொன்ன கேள்வி கேட்கப்படுவது முதல் சீசனில்தான். நான் பரிந்துரைத்து, ஐந்தாவது எபிசோடில் கைகழுவிய நண்பர்கள் குறைந்தது மூன்று பேர். இப்போதெல்லாம் பதின்மூன்றாவது எபிசோடு வரை வாக்குக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் பரிந்துரைக்கிறேன்.

முதல் சீசனின் தளபதி சின்க்ளேர் விறைப்பாக இருக்கிறார் என்று ஒரு காலத்தில் நானும் கிண்டல் செய்திருக்கிறேன். நடித்த மைக்கேல் ஓ'ஹேர் கடுமையான மனநோயோடு போராடிக்கொண்டே அந்த சீசனை முடித்தார் என்பது அவர் 2012-ல் இறந்த பிறகுதான் தெரிந்தது. அவர் உயிரோடிருக்கும்வரை சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார் ஸ்ட்ராசின்ஸ்கி. இப்போது பார்த்தால் அந்த விறைப்பு வேறு மாதிரி தெரிகிறது.

திட்டம் போட்ட கதைக்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு. ஆள் விலகுவார், நிலையம் மூடும். நான்காவது சீசனோடு முடிந்துவிடும் என்ற பயத்தில் பெரிய போரை அந்த சீசனின் ஆறாவது எபிசோடிலேயே முடித்தார்கள். பிறகு டிஎன்டி நிலையம் ஐந்தாவது சீசனுக்குக் காசு கொடுத்தது. கதைதான் மிச்சமில்லை. ஐந்தாவதின் முதல் பாதியைச் சமையல் செய்துகொண்டே பார்க்கலாம். கடைசி எபிசோடை மட்டும் தனியாக உட்கார்ந்து பாருங்கள், பக்கத்தில் யாரும் வேண்டாம்.

விண்வெளியில் சத்தம் கேட்காதே?

கேட்காது. ஃபயர்ஃப்ளை மட்டும் அதை மதித்தது. மற்றதெல்லாம் இடிமுழக்கம்தான்.

அறிவியலில் எந்தத் தொடர் பரவாயில்லை?

பாபிலோன் 5-இன் ஸ்டார்ஃப்யூரி. மற்ற தொடர்களில் போர்க்கலம் என்றால் காற்றில் பறக்கும் விமானம் போல வளைந்து திரும்பும். ஸ்டார்ஃப்யூரிக்கு நான்கு மூலையிலும் எஞ்சின். காற்றே இல்லாத இடத்தில் எஞ்சினை நிறுத்தினாலும் போகிற வேகம் போய்க்கொண்டே இருக்குமல்லவா? அதனால் முன்னால் போய்க்கொண்டே உடலை மட்டும் பின்பக்கம் திருப்பி, துரத்துபவனைச் சுடும்.

ஒரே காலத்துத் தொடர்களில் சில பளிச்சென்றும் சில மங்கலாகவும் இருக்கின்றனவே, ஏன்?

எடுத்தது எதில், முடித்தது எதில் என்பதுதான் விஷயம். 1966-இன் ஸ்டார் ட்ரெக் முழுக்க ஃபிலிம், ஆகவே இன்றைய திரைக்கும் தாங்குகிறது. 1987-இல் தொடங்கிய அடுத்த ஸ்டார் ட்ரெக் தொடரான நெக்ஸ்ட் ஜெனரேஷனை ஃபிலிமில் எடுத்தார்கள், ஆனால் எடிட்டிங்கும் சிறப்புக் காட்சிகளும் வீடியோ டேப்பில். முடிந்த எபிசோடு டேப்பில்தான் இருந்தது. அதைச் சரிசெய்ய மூல நெகட்டிவைத் தேடி எடுத்து, 178 எபிசோடையும் மறுபடி கோத்தார்கள். 2012 முதல் 2014 வரை புளூரேயாக வந்தது, எதிர்பார்த்தபடி விற்கவில்லை. அதனால்தான் டீப் ஸ்பேஸ் நைனுக்கும், வாயேஜர் என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடருக்கும் அந்த யோகம் அடிக்கவில்லை.

பாபிலோன் 5 பாடு இன்னும் மோசம். நடிகர்களை எடுத்தது அகலத் திரைக்கும் பொருந்தும் ஃபிலிமில். கப்பல் காட்சிகளோ கணினியில், பழைய டிவியின் அளவுக்கும் தெளிவுக்கும். தொடக்கத்தில் வேலை செய்தவை அமிகா என்ற வீட்டுக் கணினிகள்! டிவிடியில் அகலப்படுத்தியபோது கப்பல் வரும் காட்சிகள் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, கூழாகிப் போயின. 2021-ல் பழைய சதுர அளவிலேயே சீர்செய்து விட்டார்கள். அதைப் பாருங்கள், பழைய டிவிடியை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

கூழானாலும் இவை இருக்கின்றன. டாக்டர் ஹூவின் அறுபதுகளில் நூறை ஒட்டிய எபிசோடுகளை பிபிசி தன் காப்பகத்தில் வைத்திருக்கவே இல்லை.

ஸ்டார் ட்ரெக்குக்கு 2006-ல் புதுக் கிராஃபிக்ஸ் போட்டார்களே, அதைப் பார்க்கலாமா?

முதல் தடவை பார்ப்பவர் பழையதையே பாருங்கள். புளூரேயில் இரண்டும் உண்டு. புதுக் கப்பல் அழகுதான், ஆனால் வெட்டி ஒட்டினாற்போல ஒரு காட்சி, அடுத்தது பல்லி உடை போட்ட மனிதரோடு கிர்க் மெதுவாகக் கட்டிப்புரளும் காட்சி. பல்லி மாறவில்லையே!

வாயேஜர் ஏன் இவ்வளவு திட்டு வாங்குகிறது?

பழைய வியாதி திரும்பி வந்ததால். 1995-ல் தொடங்கியது. வீட்டுக்குப் போக எழுபத்தைந்து ஆண்டு ஆகும், உதவிக்கு யாருமில்லை, கப்பலில் ஒரு பகுதியினர் தேடப்படும் கிளர்ச்சிக்காரர்கள். இதைவிட நல்ல கரு கிடைக்குமா? ஆனால் வாராவாரம் நொறுங்கும் கப்பல் அடுத்த வாரம் புதுச்சுண்ணாம்பு அடித்த வீடு மாதிரி வந்து நிற்கும். கிளர்ச்சிக்காரர்கள் முதல் மாதத்திலேயே சீருடை மாட்டிக்கொண்டார்கள். டீப் ஸ்பேஸ் நைன் முடிந்து இங்கே வந்த ரொனால்ட் டி. மூர் கொஞ்ச நாளிலேயே வெளியேறினார். இந்தக் கோபத்தையெல்லாம் அவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டினார் என்பதைத்தான் மேலே வெள்ளைப் பலகையில் பார்த்தோம்.

ஃபயர்ஃப்ளை?

2002-ல் பதினான்கு எபிசோடு, ஃபாக்ஸ் அதையும் வரிசை மாற்றிப் போட்டு, பதினொன்றோடு நிறுத்தியது. நல்ல தொடர். ஆனால் முதல் சீசனோடு முடிந்த எதுவும் கெட்டுப்போக வாய்ப்பே கிடைக்காதது. அதை ஐந்து சீசன் தாக்குப்பிடித்தவற்றோடு ஒப்பிடுபவர்களிடம் நான் பேசுவதில்லை. அந்த அன்பை ஃபார்ஸ்கேப்புக்குக் கொடுங்கள். ஆஸ்திரேலியாவில் எடுத்தது, 88 எபிசோடு. அதில் ஜிம் ஹென்சன் நிறுவனத்தின் பொம்மை ஒன்று கப்பலை ஓட்டும். நான்கு கையோடு ஓர் இடத்தில் பொருத்தப்பட்ட ரப்பர் பொம்மை அழும்போது நமக்கும் தொண்டை அடைக்கும்.

எனக்கு ஒரே ஒரு எபிசோடுக்குத்தான் நேரம். எதைப் பார்க்க?

இவ்வளவு தூரம் பாபிலோன் 5-க்கு வக்காலத்து வாங்கிவிட்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: டீப் ஸ்பேஸ் நைன், முதல் சீசன், கடைசிக்கு முந்தைய எபிசோடு. 1993-ல் வந்தது.

சீசன் கடைசியில் பணம் தீர்ந்துபோயிருந்ததால், இருக்கிற செட்டிலேயே எடுக்கும்படி எழுதிய கதை. ஒரு சிறை அறை, ஓர் ஆள், அவனை விசாரிக்கும் மேஜர் கிரா. அவளுடைய மக்களை ஆண்டு வதைத்தது இவனுடைய கார்டாசியன் இனம். இவன் ஒரு வதைமுகாமில் வேலை பார்த்தவன் என்று அவளுக்குத் தெரியும். நான் வெறும் எழுத்தர் என்கிறான். பிறகு, இல்லை, முகாமின் தலைவனே நான்தான் என்று பெருமையடிக்கிறான். கிரா தோண்டத் தோண்ட, அவன் நிஜமாகவே எழுத்தர்தான் என்று தெரிகிறது. இரவுகளில் அலறல் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு படுத்தவன். தலைவனாக நடித்துத் தூக்கில் தொங்கினாலாவது தன் இனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் என்று முகத்தை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

ஹாரிஸ் யூலின் அந்தப் பெருமையடிப்பு உடைந்து அழுகையாவதை ஒரே ஷாட்டில் செய்வது போலத் தோன்றும். கிரா கதவைத் திறந்து அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே நடக்கிறாள். கூட்டத்தில் அவளுடைய இனத்தவன் ஒருவன் கத்தியோடு வந்து அவனைக் குத்துகிறான். ஏன் கொன்றாய், இவன் அந்த முகாம் தலைவன் இல்லையே என்று அவள் கேட்கிறாள். அவன் கார்டாசியன், அது போதும் என்கிறான். போதாது என்கிறாள் கிரா, முந்தைய நாள் வரை அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.